ஊதா கேரட்டின் சாயத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்

காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து நான் முதன்முறையாக ஊதா கேரட் நறுக்கியபோது, பெரிய ஆச்சி என் விரல்களைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்ன ஆத்தா இது, இப்படிச் சாயம் போகிறதே! வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு." கொட்டினேன். முற்றத்துச் சாக்கடையில் நாவற்பழ நிறத்தில் ஓடியது. எதற்காக இரட்டை விலை கொடுத்து வாங்கினேனோ, அது வடிகாலில் போய்விட்டது. காயும் வெளுத்துச் சோகையாகக் கிடந்தது.

இத்தனைக்கும் அதே ஆச்சி, கவுனி அரிசி ஊறிய தண்ணீரை ஒரு சொட்டுக்கூட வீணாக்க மாட்டார், அதிலேயேதான் வேகவைப்பார். கவுனியின் கருமையும் ஊதா கேரட்டின் நிறமும் ஒரே குடும்பம். ஆந்தோசயனின் என்று பெயர், தண்ணீரில் கரையும். ஆகவே, கவுனிக்குக் காட்டும் சிக்கனத்தை இந்தக் காய்க்கும் காட்ட வேண்டும். (பீட்ரூட்டின் சிவப்பு வேறு சேர்மம். அதற்கும் இதற்கும் உறவில்லை.)

சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடுவது அடுத்த தவறு. சோடாவின் காரத்தன்மை பட்டதும் ஊதா, நீலப்பச்சையாகத் திரிந்து சிதையத் தொடங்கும். புளிப்பு நேர்மாறு: நிறம் சிவந்து நிலைக்கும். எனவே இந்தக் கேரட்டுக்கு செட்டிநாட்டு மண்டியைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தெரியவில்லை. அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் சேர்ந்து கொதிப்பதால் இறங்கும் சாயம் குழம்பிலேயே தங்கிவிடும். முதலில் காயைப் பாதி வேகவிடுங்கள். புளியை முன்பே ஊற்றினால் கட்டையாகவே நிற்கும்.

ஆரஞ்சு கேரட்டுக்கு இந்த விதி செல்லாது. அதன் பீட்டா கரோட்டின் தண்ணீரில் இறங்காது, எண்ணெயில்தான் இறங்கும். துருவலை நல்லெண்ணெயில் வதக்கும்போது சட்டி ஓரத்தில் எண்ணெய் மஞ்சளாகப் பிரிந்து நிற்பதைப் பாருங்கள், அதுதான். வெறும் வயிற்றில் பச்சைச் சாறாக வடிகட்டிக் குடிப்பவர்களுக்கு அதில் கொஞ்சம்தான் உடலில் சேரும். வட இந்தியச் சிவப்புக் கேரட்டின் லைகோபீனும், மஞ்சள் கேரட்டின் லூட்டீனும் இதே கட்சி.

கேரட்டில் நிறமில்லாத இன்னொரு சேர்மமும் உண்டு: ஃபால்காரினால். பொடிப்பொடியாக நறுக்கி வேகவைத்தால் அதுவும் தண்ணீரோடு போகும். முழுதாக வேகவைத்துப் பிறகு நறுக்கிய கேரட்டில் அது 25 சதவீதம் அதிகமாக இருந்ததாக, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் தெரிவித்தார்கள். தோலை ஆழமாகச் சீவாதீர்கள், தேய்த்துக் கழுவினாலே போதும்.

இந்த ஃபால்காரினாலை வைத்துத்தான் "கேரட் புற்றுநோயை அழிக்கும்" என்ற செய்திகள் சுற்றுகின்றன. முழுப் பொய்யில்லை, ஆனால் பாதியில் நிறுத்திய உண்மை. ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களின் பெருக்கத்தை ஃபால்காரினாலும் ஆந்தோசயனினும் தடுத்திருக்கின்றன. எலிகளுக்கு ஃபால்காரினால் கொடுத்தபோது குடற்கட்டிகள் குறைந்திருக்கின்றன. ஆனால் தட்டில் ஊற்றும் செறிவு, நாம் சாப்பிடும் கேரட்டிலிருந்து ரத்தத்தில் ஏறுவதைவிடப் பல மடங்கு. ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் குடலைத் தாண்டுகிறது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மாத்திரை விஷயத்தில். நிறம் நல்லது என்றால் அதைப் பிழிந்து மாத்திரையாக்கினால் இன்னும் நல்லதுதானே என்ற கணக்கை, பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் சோதித்தார்கள். 1994இல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற இன்னொரு சோதனையை, தீங்கு தெரிந்ததும் 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். நடுத்தர அளவுக் கேரட் நான்கில் ஏறக்குறைய அதே 20 மில்லிகிராம் இருக்கும். ஆனால் மாத்திரையில் இருப்பது ரத்தத்தில் மிக எளிதாக ஏறிவிடும். புகைப்பவர்கள், விட்டவர்கள் யாரும் இந்த மாத்திரையை வாங்கவே வேண்டாம்.

எங்கள் உறவில் ஒருவர், கட்டி என்று தெரிந்த பிறகும் கேரட் சாற்றை நம்பி மூன்று மாதம் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. அந்த மூன்று மாதத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் கேரட்டைக் கூட்டாகவோ மண்டியாகவோ தாராளமாகச் சாப்பிடலாம். சத்து மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

கேரட்டை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும். ஆபத்தில்லை, குறைத்தால் சில வாரங்களில் மறையும். ஆனால் கண்ணின் வெண்மையும் மஞ்சளானால் பழியைக் கேரட்டின் மேல் போடாதீர்கள். அது காமாலையாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.