இடி மழையில் மாடுகளை எங்கே நிறுத்துவது: மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கால்நடை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

மணலி, சடையங்குப்பம், எண்ணூர்ப் பக்கங்களில் மின்னலுக்கு மாடு பலியானால் ‘இடி விழுந்துவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். இடி வெறும் ஓசை, கொல்வது மின்னல் என்று படித்தவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தமும் பாதிதான் சரி. ஒரே நொடியில் பத்து மாடுகள் சாய்ந்து கிடக்கும் இடத்தில், அவற்றில் ஒன்றின் தலையில்கூட மின்னல் நேராக இறங்காமல் இருந்திருக்கலாம். அது பக்கத்து மரத்திலோ வெறுந்தரையிலோ இறங்கியிருக்கும். அங்கிருந்து மண்வழியே நாலாபக்கமும் ஓடிய மின்சாரம் மாடுகளின் காலடி வழியாக ஏறியிருக்கும். ஆகவே மாட்டைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அது நிற்கும் தரையை.

2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் 323 ரெயின்டீர் மான்கள் ஒரே இடிமழையில் இறந்து கிடந்தன. 2021 மே மாதத்தில் அசாமின் நகாவோன் மாவட்டத்து மலையொன்றில் 18 யானைகள் மின்னலுக்கு இரையாயின. இரண்டிடத்திலும் நிலம் உயரமானது. விலங்குகளோ கூட்டமாக இருந்தவை.

மின்னல் தரையைத் தொடும் புள்ளியில் மண்ணின் மின்னழுத்தம் மிக அதிகமாக இருக்கும். விலகிச் செல்லச் செல்ல வேகமாகக் குறையும். அந்தச் சரிவின் மேல் நிற்கும் பிராணியின் ஒரு கால் மேட்டிலும் இன்னொரு கால் பள்ளத்திலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். இரண்டு கால்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு மின்சாரம் உடல் வழியே பாயும். மனிதனுக்கு அது பெரும்பாலும் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடும். மாட்டுக்கு முன்காலிலிருந்து பின்காலுக்குப் போகிறது. இதயமும் நுரையீரலும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன.

எங்கள் வீட்டுக் கறவைப் பசுவை ஒருநாள் தொட்டியருகே நிறுத்தி, தச்சருடைய டேப்பை வைத்து முன்குளம்பிலிருந்து பின்குளம்பு வரை அளந்தேன். அது இரண்டு முறை டேப்பை மிதித்தது. மூன்றாம் முறை 4 அடி 7 அங்குலம், அதாவது 1.4 மீட்டர் என்று தெரிந்தது. மின்னலின் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் என்றும், மண்ணின் மின்தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் அளவு என்றும், மண் எங்கும் ஒரே சீராக இருக்கிறது என்றும் வைத்துக் கணக்கிட்டால், மின்னல் இறங்கிய இடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி அதை நோக்கி நிற்கும் அந்தப் பசுவின் கால்களுக்கிடையே ஏறக்குறைய 5,900 வோல்ட் விழும். 3 மீட்டரில் அதுவே 50,000 வோல்ட்டைத் தாண்டும். 30 மீட்டரில் 700 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதே 10 மீட்டரில் அரை மீட்டர் அளவு கால்களை அகட்டி நிற்கும் மனிதனுக்கு 2,300 வோல்ட். பாதங்களைச் சேர்த்து வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. இவற்றை வீட்டு 230 வோல்ட்டோடு நேராக ஒப்பிடக் கூடாது, ஏனெனில் மின்னலின் அதிர்ச்சி நொடியில் மிகச் சிறு பின்னத்துக்கே நீடிக்கிறது. தொலைவு சற்றே கூடினாலும் ஆபத்து எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு. காலைச் சேர்த்து நில் என்று மாட்டிடம் சொல்ல முடியாது. தள்ளி நிற்க வைக்க முடியும். படுத்திருக்கும் மாடு பாதுகாப்பானது என்று எண்ணுவதும் தவறு, அதன் உடல் நெடுகத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

ஈரமண் கெடுதல், காய்ந்த மண் நல்லது என்றொரு நம்பிக்கை உண்டு. தரைவழி மின்சாரத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தின் உப்புச் சேறு மின்சாரத்தை எளிதில் பரவவிடுவதால் அதில் அழுத்தச் சரிவு குறைவு; காய்ந்த மணலிலும் பாறையிலும் சரிவு செங்குத்தாக இருக்கும். இதை நம்பி எருமைகளைக் கழியிலேயே விட்டுவிடக் கூடாது. சமமான நீர்ப்பரப்பில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையே அந்த இடத்தின் உயரமான பொருளாகிவிடும். வானம் கறுத்ததும் அவற்றைக் கரையேற்ற வேண்டும்.

எப்போது ஓட்டிவர வேண்டும் என்பதுதான் நடைமுறையில் பெரிய கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கும் இரவுக்கும் இடையில் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கம் மாலையில் மூளும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து, இரவில் நம் தலைக்கு மேல் வந்து சேரும். மாடுகள் வீதியிலும் வெளியிலும் படுத்திருக்கும் நேரம் அது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களிலும் இடி உண்டு. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் உள்ள டாப்ளர் ரேடாரின் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் பார்த்தால், மேற்கிலிருந்து வரும் மேகத்தை முன்கூட்டியே அறியலாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நம்மைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டங்களில் மின்னல் விழுவதைக் காட்டும். 40 கிலோமீட்டரில் காட்டும்போதே மந்தையைத் திருப்பிவிடுவது என் வழக்கம், ஏனெனில் மாடு நம் அவசரத்துக்கு நடக்காது.

கைபேசி இல்லாத வேளையில் எண்ணிக்கை போதும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதை எட்டுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது நம்மருகே விழலாம். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே விட வேண்டும். இடி கேட்டதும் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். சொல்வதில் தவறில்லை, அதோடு எண்ணவும் வேண்டும்.

ஓட்டிவர நேரமில்லாமல் வெளியிலேயே மாட்டிக்கொண்டால், மந்தையைக் கலைத்துவிட வேண்டும். இது மேய்ப்பவரின் இயல்புக்கே எதிரானது. மழை வந்தால் ஆடுகளை ஒன்றாகச் சேர்ப்பதே பழக்கம். ஆனால் ஒட்டி நிற்கும் ஆடுகள் அனைத்தும் ஒரே அழுத்தச் சரிவில் நிற்கின்றன, ஒன்றின் உடலிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் தாவவும் முடியும். பரவி நின்றால் ஒன்றிரண்டு போகலாம், மந்தை போகாது. மேய்ப்பவரும் தாழ்வான இடத்தில், பாதங்களை ஒட்டி வைத்து, மாட்டிலிருந்து விலகிக் குந்தியிருக்க வேண்டும். உடலில் மின்சாரம் தங்குவதில்லை என்பதால், மின்னல் பட்டு விழுந்த மனிதரைத் தயங்காமல் தொடலாம். மூச்சில்லையென்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பித்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

தனியாக நிற்கும் பனையையும் தூங்குமூஞ்சி மரத்தையும் தவிர்க்கச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். நம் பகுதிக்கே உரிய ஆபத்து வேறு: அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கோபுரங்கள். மேய்ச்சல் வெளியின் நடுவில் நிற்கும் அவற்றின் நிழலில் மாடுகள் படுப்பதும், கோபுரக் காலிலேயே கயிற்றைக் கட்டிவிட்டுப் போவதும் அன்றாடக் காட்சி. மேலே ஓடும் தரைக்கம்பி மின்னலை வாங்கிக் கோபுரத்தின் கால்கள் வழியே மண்ணில் இறக்குவதற்கென்றே அமைந்தது. அந்தக் கால்களைச் சுற்றித்தான் மண்ணின் அழுத்தம் ஏறும். 30 மீட்டராவது தள்ளிக் கட்ட வேண்டும். தொழிற்சாலைச் சுற்றுக் கம்பிவேலியும் அப்படியே. வேலியின் ஒரு முனையில் விழுந்த மின்னல் நெடுந்தூரம் ஓடிவந்து, சாரலுக்கு வேலியை ஒட்டி நிற்கும் மாடுகளைத் தாக்கும். சொந்த வேலியாக இருந்தால், இடையிடையே கம்பியை முறித்து மரச்சட்டம் வைத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே தரையிணைப்பு (எர்த்) செய்யலாம்.

கொட்டகையைப் பொறுத்தவரை, தகரக் கூரை மட்டுமே பாதுகாப்பு ஆகாது. கூரையும் இரும்புத் தூண்களும் தரையில் புதைத்த தரையிணைப்புக் கம்பியோடு இணைந்திருக்க வேண்டும். அந்தக் கம்பி மாடு நிற்கும் இடத்திலிருந்தும் வாசலிலிருந்தும் சில மீட்டராவது தள்ளிப் புதைய வேண்டும். எங்கள் கொட்டகைக்கு இடிதாங்கி வைத்தவர், கீழிறங்கும் கம்பியைத் தண்ணீர்த்தொட்டியின் இரும்புக்காலில் முடிந்துவிட்டுப் போயிருந்தார். மாடு வாய்வைக்கும் இடத்திலேயே மின்னல் இறங்க வழி செய்த அந்த வேலையை, மழைக்கு முன் தற்செயலாகப் பார்த்ததால் பிரித்து மாற்றினோம். புதிதாகத் தளம் போடுபவர்கள், காரைக்கு அடியில் இரும்பு வலையை விரித்து அதையும் தரையிணைப்போடு சேர்த்துவிட்டால், மாட்டின் நான்கு கால்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிற்கும். முன்பு சொன்ன சரிவு காலடியில் உருவாகாது. இடிநேரத்தில் மாட்டை இரும்புத்தூணில் சங்கிலியால் கட்டாமல், தளத்தில் தனியாக ஊன்றிய முளையில் கயிற்றால் கட்டுவது நல்லது.

இனி, விழுந்து கிடக்கும் மாட்டை அணுகும் முறை. அது மின்னலால் விழுந்ததா, அறுந்த மின்கம்பியாலா, தெருவோர மின்பெட்டியிலிருந்து மழைநீரில் கசிந்த மின்சாரத்தாலா என்பது தூரத்திலிருந்து தெரியாது. நம் தெருக்களில் பின்னிரண்டும் நடப்பவையே. அங்கேயும் கொல்வது அதே காலடி அழுத்தந்தான், ஆனால் அது நொடியில் முடியாமல் நீடித்து ஓடிக்கொண்டிருக்கும். மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே கிட்டே போக வேண்டும். மின்னலால் இறந்ததென்றால் வாயில் மென்றும் மெல்லாமலும் புல் இருக்கும், கால்களை உதைத்துத் துடித்த தடம் மண்ணில் இராது, சில வேளைகளில் தோலில் மயிர் கருகிய கோடு தெரியும். மூக்கு, வாய், ஆசனவாயில் கருத்த குருதி கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலை யாரும் அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, அந்நோய் மனிதருக்கும் தொற்றும். மயங்கிக் கிடக்கும் மாட்டுக்கு 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

புதைப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லி, அரசு கால்நடை மருத்துவரிடம் உடற்கூறாய்வுச் சான்று வாங்க வேண்டும். நிவாரணம் கேட்க அதுவே ஆதாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் அறிவித்ததை, மணலி வெள்ளத்தில் கால்நடைகளை இழந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காப்பீடு எடுத்திருப்பவர்கள் இறந்த மாட்டைப் படமெடுக்கும்போது முகமும் காதும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து, காதுவில்லையின் 12 இலக்க எண்ணை வாசிக்க முடிகிறதா என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேறு படிந்திருந்தால் வில்லையைத் துடைத்துவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும்.