தானாகவே செயலிழக்கும் செருகுநிரல்கள்: எங்கே தேடுவது?

வலைத்தளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளத்தில், நேற்றுவரை இயங்கிய செருகுநிரல் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) இன்று செயலிழந்து கிடந்தால், அதை உடனே மீண்டும் இயக்கிவிடாமல், செருகுநிரல்கள் பக்கத்தின் மேற்பகுதியில் தோன்றும் அறிவிப்பை முதலில் படிக்க வேண்டும். பக்கத்தை மறுபடி திறந்தால் அது மறைந்துவிடக்கூடும்.

கோப்பு இல்லை என்று அந்த அறிவிப்பு சொன்னால், செருகுநிரலின் முதன்மைக் கோப்பு அதற்குரிய இடத்தில் இல்லை என்று பொருள். புதுப்பிப்பு பாதியில் நின்றிருக்கலாம், எஃப்டிபி (கோப்புகளைத் தளத்துக்கு அனுப்பும் முறை) வழியே யாரேனும் கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கலாம், அல்லது தளம் வைக்கப்பட்டுள்ள கணினியான வழங்கியின் வைரஸ் தடுப்பு நிரல் கோப்பைச் சந்தேகித்து நீக்கியிருக்கலாம். கடைசிக் காரணம் பலருக்கும் தோன்றுவதே இல்லை; நீக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலை வழங்கி நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.

2019இல் வெளியான வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பு முதல், கடும் பிழை நேரும்போது தள நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. அதிலுள்ள இணைப்பின் வழியே நுழைந்தால் பிழையுள்ள செருகுநிரல் அந்த அமர்வில் மட்டும் நிறுத்திவைக்கப்படும். பார்வையாளர்களுக்குத் தளம் அப்போதும் பழுதாகவே தெரியும் என்பதால், அதைச் சரிசெய்தாக வேண்டும்.

அறிவிப்போ மின்னஞ்சலோ இல்லையெனில், பிழைப்பதிவை (பிழைகளைக் கோப்பில் குறித்துவைக்கும் வசதி) இயக்கி, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பு அண்மையில் மாறியதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாச் செருகுநிரல்களும் ஒருசேர நின்றிருந்தால், தரவுத்தளத்தில் அவற்றின் பட்டியலை வைத்திருக்கும் பதிவு, தளத்தை இடம் மாற்றும்போது சிதைந்திருக்க வாய்ப்புண்டு. வேலை முடிந்ததும் பிழைப்பதிவுக் கோப்பை அழித்துவிடுவது நல்லது. பல வழங்கிகளில் அதை வெளியார் எவரும் திறந்து பார்க்க முடியும்.