அடியில் சிக்கிய நூலும் ஒரு பழைய சட்டையும்

தையல் வகுப்பில் முதல் நாளே துணி வெட்டச் சொன்னார்கள், எனக்கோ மெஷினை நேராக ஓட்டவே தெரியாது. இரண்டே வாரத்தில் நின்றுவிட்டேன்.

அப்புறம் வீட்டிலேயே, நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகினேன் (பழைய ஊசி போதும், தாள் முனையை மழுக்கிவிடும்). அடுத்து தலையணை உறை. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டே இருந்தது; அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டினேன், தப்போ மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்தால்தான் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரும் என்று மெஷினோடு வந்த கையேட்டிலேயே இருந்தது, யார் படித்தார்கள்!

வெட்டக் கற்றுத்தந்தது ஒரு பழைய சட்டை: தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, தாளில் வைத்து வரைந்து, சுற்றிலும் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டேன். கை மட்டும் முதல் தடவை இடம் மாறிப்போனது.