17 சர்வோ மனித ரோபோ: முதலில் நிற்க வையுங்கள்

யூனிட்ரீ ஜி1 ரோபோ 2024-ல் 16,000 டாலருக்கு வந்தபோது அதையே மலிவு என்றார்கள். இரண்டு கால் நடையின் அரிச்சுவடிக்கு அவ்வளவு செலவு வேண்டாம். அலுமினிய பிராக்கெட், 17 எம்ஜி 996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), மூளையாக ஓர் ஈஎஸ்பி 32 மைக்ரோகன்ட்ரோலர், சர்வோக்களுக்கு சிக்னல் அனுப்பும் பிசிஏ 9685 போர்டு இரண்டு இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

கால்களுக்கு 10, கைகளுக்கு 6, தலைக்கு 1 சர்வோ. ஒரு பிசிஏ போர்டில் 16 இணைப்புதான் உண்டு. இரண்டாவது போர்டில் ஏ0 என்று குறித்த பேடை ஈயம் வைத்துச் சேர்த்தால் அதன் முகவரி மாறிவிடும்; ஈஎஸ்பி இரண்டையும் தனித்தனியாக அழைக்கலாம். போர்டின் சிப்புக்கு மின்சாரம் தரும் விசிசி பின்னுக்கு 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள். 5 கொடுத்தால் அது ஈஎஸ்பியின் சிக்னல் பின்களுக்கும் ஏறும்.

தகராறு பெரும்பாலும் மின்சாரத்தில்தான். திரும்ப முடியாமல் முக்கும் ஒரு சர்வோ 6 வோல்ட்டில் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் முக்காது என்பதால் 6 வோல்ட், 20 ஆம்பியர் ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் கருவி) போதும். இரண்டு செல் லிப்போ பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள்: முழு சார்ஜில் 8.4 வோல்ட், சர்வோ தாங்குவதோ 7.2. ஈஎஸ்பிக்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் ரோபோ எழுந்து நிற்கும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்து ஈஎஸ்பி ரீஸ்டார்ட் ஆகும். கிரவுண்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அது விட்டுப்போனால் சர்வோக்கள் வெடவெடவென்று ஆடும்.

ஹார்ன் (சர்வோ தண்டில் பொருத்தும் கை) மாட்டும் முன் ஒவ்வொரு சர்வோவையும் 1500 மைக்ரோசெகண்ட் பல்ஸ் கொடுத்து நடுக்கோணத்தில் நிறுத்துங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றின் 20,000 மைக்ரோசெகண்டை போர்டு 4096 பங்காக்கும்; அதில் 1500-க்கான எண் 307. போர்டில் நேரத்தை அளக்கும் ஆஸிலேட்டர் துல்லியமானதல்ல. பல்ஸை அளந்துபார்த்துத் திருத்துங்கள். தண்டில் 25 பல், பல்லுக்கு 14.4 டிகிரி. எனவே 7 டிகிரி வரை கோணல் இருக்கத்தான் செய்யும். அதை புரோகிராமில் ஆஃப்செட்டாக (நிலையான திருத்தமாக) கழியுங்கள். பல்லை வலுக்கட்டாயமாகத் திருகினால் கியர் போய்விடும். பிளாஸ்டிக் ஹார்னைக் காலில் போடவே வேண்டாம்.

நடையில் முதல் அசைவு பக்கவாட்டில்தான். கணுக்காலும் இடுப்பும் சாய்ந்து, எடை முழுவதும் ஒரு பாதத்தின் மேல் வந்த பிறகே மறு காலைத் தூக்குங்கள். 10 மில்லிமீட்டர் போதும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஒரே தாவலாகப் போகாமல், 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சிறுசிறு படியாக நகர்த்துங்கள். முழங்காலை மடித்தபடியே நெடுநேரம் நிறுத்தினால் அந்த சர்வோ சூடாகிக் கருகும்.

எம்ஜி 996ஆர் தன் கோணத்தைத் திருப்பிச் சொல்லாது. ஆய்வுக்குத் தரவு வேண்டுமென்றால் கால்களுக்காவது எஸ்டிஎஸ் 3215 போன்ற, ஒரே இணைப்பில் பலவும் சேர்ந்து தரவு பரிமாறும் பஸ் சர்வோ வாங்குங்கள். கோணம், சுமை, வெப்பம் மூன்றையும் அது சொல்லும்.