எந்தக் குந்தவை? பிள்ளைகளைத் தஞ்சைக்குக் கூட்டிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெரிய கோயிலில், கோபியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டி வந்திருந்த ஒரு தம்பி பேசுவதைத் தள்ளி நின்று கேட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஈரோட்டிலிருந்து முதல் வேனை ஏற்றி வந்தபோது நான் உளறியதெல்லாம் அவர் வாயில் அப்படியே வந்தது. வருடத்தை மாற்றிச் சொல்வது, பேச்சு நடுவே திணறுவது எல்லாம் போகட்டும், தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு குந்தவையை ஒன்றாக்குவது

என் கைக்காசு கரைந்தது இதில்தான். ராஜராஜனுக்கு அக்கா ஒரு குந்தவை, மகள் ஒரு குந்தவை. அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி. மகளோ ஆந்திரப் பக்கம் வேங்கியில் கீழைச் சாளுக்கிய அரசன் விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவர். இந்த மகளின் பேரன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

நான் இரண்டு பேரையும் ஒருவராக்கி, ஒரு கையேடு எழுதி 500 பிரதி அச்சடித்துவிட்டேன். வெளியீட்டு நாளில் ஓய்வு பெற்ற தமிழய்யா ஒருவர் எழுந்து, "ஏனுங்க, வந்தியத்தேவன் சம்சாரம் எப்படீங்க வேங்கிக்கு மருமகளாப் போனாங்க?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. 500 பிரதியும் பழைய பேப்பர் கடைக்குப் போயின, கிலோ கணக்கில்.

இன்னும் எரிச்சல் தீரவில்லை. எங்கள் வீட்டிலேயே மூன்று பழனிச்சாமி. பெரிய பழனி, சின்னப் பழனி என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். அத்தை பேரை மகளுக்கு வைப்பது எனக்கா தெரியாது?

கல்வெட்டு இந்தக் குழப்பத்துக்கு இடமே தரவில்லை. பெரிய கோயிலில் அக்காவைச் சொல்லும்போது ராஜராஜ தேவரின் 'திருத்தமக்கையார்', 'வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்' என்று உறவையும் புருஷனையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பேரோடு நிறுத்தாமல் இந்த இரண்டையும் படியுங்கள். புது ஆளைப் பார்த்தால் "எந்த ஊருங்க, யாரு வூடுங்க?" என்று கேட்போமே, அதே கேள்விதான். தஞ்சையில் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, வைத்தவரும், தாதாபுரத்தில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவரும் அக்கா. அந்தப் புண்ணியத்தை மகள் கணக்கில் எழுதாதீர்கள்.

அரண்மனையைக் கை காட்டுவது

"ராஜராஜன் வீடு எங்கே?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உடனே தஞ்சை அரண்மனையைக் காட்டிவிடாதீர்கள். அது நாயக்கர் தொடங்கி, அப்புறம் மராத்தியர் வாழ்ந்த இடம். ராஜராஜனுக்கும் அதற்கும் ஐந்நூறு வருட இடைவெளி. சோழர் மாளிகைகள் செங்கல்லும் மரமும் ஓடுமாக எழும்பியவை, அதனால் நிற்கவில்லை. ராஜராஜன் மகன் ராஜேந்திரனின் தலைநகரான கங்கைகொண்டசோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளும்தான் வந்தன. நேரம் இருந்தால் வேனை அங்கே விடுங்கள். "இவ்வளவுதானுங்களா?" என்று முகம் சுண்டும். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற உங்கள் அப்புச்சி வீட்டு ஓட்டுக்கூரை இப்போது எப்படி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். புரிந்துகொள்வார்கள்.

கல்வெட்டில் பேராகத் தங்கிப்போன மாளிகை ஒன்று உண்டு. அக்கா குந்தவையின் அப்பா சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்ததால் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆனார். அவருக்குச் செப்புத் திருமேனி செய்து பெரிய கோயிலில் வைத்தவர் இந்த அக்கா குந்தவைதான். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல அரண்மனைக் கதை என்னிடம் இல்லை.

'கோயில்' என்றதும் கும்பிடுவது

பழைய தமிழில் அரண்மனையும் கோயில்தான்: கோ இருக்கும் இல். கண்ணகி சிலம்போடு போய் நின்ற பாண்டியன் அரண்மனையைச் சிலப்பதிகாரம் கோயில் என்றே சொல்கிறது. கல்வெட்டில் இந்தச் சொல் வந்தால் முன்னும் பின்னும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

அந்தப்புரம்

இருந்த இடம் தெரியாது. காட்டாதீர்கள்.

இளவரசியின் நகை

சினிமாவைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

கோபித் தம்பியை டீக்கடைக்குக் கூட்டிப் போய் இரண்டு குந்தவைக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மெதுவாக, "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சுங்களேண்ணா" என்றார்.