எட்டுச் சக்கர வண்டிக்கு வேறு டரெட் பொருத்துவது எப்படி
கல்லடியில் வீட்டு மேசையில் 1/35 அளவில் கவச வண்டி மாதிரி செய்கிறவன் சொல்கிறேன், பிடித்த பீரங்கியைத் தூக்கி மேலே ஒட்டினால் போதாது. முதலில் டரெட், அதாவது மேலே சுழலும் பீரங்கிக் கூடு, உட்காரும் வளையத்தை அளந்துகொள்ளுங்கள். சோவியத் எட்டுச் சக்கரக் கவச வண்டியான பிடிஆர்-80இல் இருப்பது 14.5 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கி, அதில் 30 மில்லிமீற்றர் பீரங்கி வைத்தால் நம்பலாம், பிடிஆர்-80ஏ அப்படித்தான் வந்தது. 105 மில்லிமீற்றர் பீரங்கி வேண்டுமா? அதன் பின்னுதைப்புக்கு 13 தொன் சொச்ச வண்டி தாங்குவது கடினம், 105 பொருத்திய இத்தாலியின் எட்டுச் சக்கர சென்டாரோ ஏறத்தாழ 24 தொன், ஆகவே அகலமான உடலைத் தேர்ந்தெடுங்கள். 105ஐ 35ஆல் வகுத்தால் துளை சரியாக 3 மில்லிமீற்றர், குழாயின் வெளிப்புறம் அதைவிடத் தடிப்பு. குழாய்க்கு ஜூஸ் பெட்டியின் மெல்லிய உறிஞ்சுகுழலை வெட்டிப் பாருங்கள். சாரதியின் மூடி திறக்க இடம் விடுங்கள், அது இடித்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். அப்புறம், மாரியில் பெயின்ட் காய நாளெடுக்கும், அவசரப்படாதீர்கள்.