பாட்காஸ்ட் வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர்களை ஒதுக்கிவிடும் தவறுகள்

காதால் கேட்கும் ஊடகம்தானே, பார்வையற்ற மாணவர்களுக்கு என்ன சிரமம் என்று எண்ணித் தொடங்குவதுதான் முதல் தவறு. கேட்பது எளிது. எடிட்டிங்கைக் கற்றுத்தரும் முறைதான் மவுஸையே நம்பியிருக்கிறது. "இதை இழுத்து செலக்ட் பண்ணுங்க" என்ற இடத்திலேயே அவர்களுக்குப் பாடம் நின்றுவிடும். ஒலி எடிட்டிங் மென்பொருளான ஆடாசிட்டியில் இதே வேலையைக் கீபோர்டில் முடிக்கலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஒலியை ஓடவிடுங்கள். வெட்ட வேண்டிய பகுதி தொடங்கும்போது இடது சதுர அடைப்புக்குறி, முடியும்போது வலது, மீண்டும் ஸ்பேஸ், பிறகு டெலீட். வகுப்பு முழுவதற்கும் இப்படியே சொல்லிக்கொடுங்கள். கைநடுக்கம் உள்ள மாணவருக்கும் இது கைகொடுக்கும்.

அடுத்தது, திரையில் உள்ளதைப் படித்துச்சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானின் குரல் பதிவில் கலந்துவிடுவது. ஸ்பீக்கர் வழியே என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பேசினால் மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். ஹெட்போன் கட்டாயம். ஹெட்போன் போட்டும் குரல் விழுகிறதா? பதிவுச் சாதனமாக மைக்குக்குப் பதில் ஸ்டீரியோ மிக்ஸ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது கணினிக்குள் ஓடும் ஒலி எல்லாவற்றையும் பதியும்.

பாடக்குறிப்பைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொடுத்தால், திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதற்கு வெறும் படம்தான். யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பாகத் தாருங்கள்.

காது கேளாத மாணவருக்கு "இந்தப் பாடத்தை விட்டுவிடலாம்" என்று சலுகை தருவது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது விலக்கிவைப்பது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பது பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றங்களை. ஆய்வு, ஸ்கிரிப்ட், நேர்காணல் கேள்விகள், எழுத்துவடிவம் எல்லாவற்றிலும் அவர் முழுப் பங்கு எடுக்கலாம். பேச்சின் உச்சம் ஒலி அளவு காட்டும் மீட்டரில் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கிறதா என்று கண்ணால் கண்காணிக்கலாம். எந்தப் பொறுப்பு என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பில் போட்டுக்காட்டும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எழுத்துவடிவத்தை முன்கூட்டியே தந்துவிடுங்கள். தானியங்கி எழுத்துவடிவத்தை அப்படியே கொடுக்காதீர்கள்; தமிழில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான் அதிகம் சிதையும்.

திக்குவாய் உள்ளவரின் பதிவில் மௌனத்தைச் சுருக்கும் எஃபெக்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். இடைவெளிகள் நெருங்கிப்போய், இயல்பான பேச்சு மூச்சுமுட்டுவது போல ஒலிக்கும். எதை வெட்டலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

கடைசியில் ஏற்றுமதி. நேர்காணலில் ஒருவர் குரலை இடப்பக்கமும் மற்றவர் குரலை வலப்பக்கமும் விட்டால், ஒரு காதில் மட்டும் கேட்பவருக்குப் பாதி உரையாடல் போய்விடும். இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவாக மாற்றி, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.